கேட்புக் காலம்

"செவி முன்னாடி யாரும் பொய் சொல்லாதீங்க. கண்டுபிடிச்சுரும்," என்றுதான் ஜெபராஜ் தன் வகுப்பைத் தொடங்கினார். "அதுக்குப் பதிலா மூணு வாரம் பொய்யா வாழ்ந்துருங்க. உண்மை மாதிரியே கேக்கும்."

காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது, வேலை தேடுகிறவர்களுக்கான அந்தப் பயிற்சி மையம். ரொட்டி வேகும் வாசனை தரை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. வகுப்பில் இருந்த பத்துப் பதினைந்து பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இருப்பவர்கள் அங்கே வருவதில்லை. மிருதுளாவுக்கு வேலை போய் இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

பின்வரிசையில் இருந்த இளைஞன் எழுந்தான். "நேர்ல ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டாங்களா சார்?"

"எதுக்குக் கேக்கணும் தம்பி? நீ காதுக்குள்ள ஒண்ண மாட்டிட்டுப் போவ. அது பதில் சொல்லும், நீ ஒப்பிப்ப. பக்கத்துல இருக்கறவனும் அதையேதான் ஒப்பிப்பான். எல்லாரும் ஒரே அளவுக்கு அறிவாளி. கம்பெனிக்காரன் சலிச்சுப் போயி, செவின்னு ஒரு பொட்டியத் தூக்கிட்டு உன்ற வீட்டுக்கே வந்துட்டான். வீட்டுல காதுல மாட்டிட்டுத் திரிய முடியாதில்ல?"

"வந்து என்ன சார் கேக்கும்?"

"நீ பேசற வார்த்தைய அது சேத்து வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது. அதுக்கு வார்த்தை வேண்டியதும் இல்லை. குரல் எங்க ஏறுது, எங்க எறங்குது, ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் ஆரம்பிக்கறதுக்கு எத்தன நேரம் ஆகுது, யாரு பேசறப்ப யாரு பாத்திரத்தப் போட்டு உருட்டறாங்க... டாக்டரு கையப் புடிச்சு நாடி பாக்கற மாதிரி, அது வீட்டுக்கு நாடி பாக்கும்."

முன்வரிசையில் இருந்த பெண் தயங்கிக் கேட்டாள். "அப்ப மூணு வாரமும் சண்டையே போடக் கூடாதுங்களா?"

"ஐயையோ, கட்டாயம் போடணும். சண்டையே இல்லாத வீட்ட அது நம்பாதும்மா. வாரம் ஒண்ணு. சின்னதா. சாம்பார்ல உப்பு, ஃபேன் ஸ்விட்ச், இப்பிடி எதாச்சும். அன்னிக்கே சமாதானம் ஆயிரணும். மாமியாரு சண்டை வேண்டாம். அதெல்லாம் ஆழத்துல போய் நிக்கும்."

இப்போது சிலர் சிரித்தார்கள். மிருதுளாவும் சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்ததில் தாடை வலித்தது.

கடைசி வகுப்புக்கு வீட்டில் இருப்பவர்களையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா ரேணுகாதேவி கோயிலுக்குப் போகும் சேலையில் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஜெபராஜ் விண்ணப்பத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"வீட்டுல எத்தன குரலுங்கம்மா?"

"ரெண்டுதானுங்க சார். நானும் பாப்பாவும்."

மிருதுளா அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை. கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முடியும்வரை நேரம் இருந்தது. திருத்திச் சொல்ல அது போதும். மிருதுளா பேனாவை வாங்கி, கட்டத்தில் இரண்டு என்று எழுதினாள்.

அண்ணன் நந்தகுமார் அவளைவிட ஆறு வயது மூத்தவன். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவனை அந்த வயதிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தது. உடம்பு மட்டும் வளர்ந்து, தாடி வந்து, இப்போது காதோரம் நரையும் வந்துவிட்டது. அவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பார்த்ததை உடனே உரக்கச் சொல்லிவிடுவான், அவ்வளவுதான். "பால் வந்துருச்சு!" "கீழ வீட்டு மாமா வண்டி எடுக்கறாரு!" "கரண்டு போச்சு!" அவர்கள் குடியிருந்த கணபதிப் பகுதியில் அந்தத் தெருவே அவன் குரலை வைத்துத்தான் விடிந்தது. குளியலறைக்குள் அம்மா குழாயைத் திறந்துவிட்டு அழுதாலும், கதவுக்கு வெளியே நின்று, "அம்மா அழுவுது! மிருது, அம்மா அழுவுது!" என்பான்.

பொள்ளாச்சியிலிருந்து மிருதுளாவைப் பெண் பார்க்க வந்தபோது அவனை மாமாவோடு சினிமாவுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, நல்ல குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுவாரம் அவனைப் பற்றித் தெருவில் யாரோ சொல்லி அவர்கள் காதுக்கு எட்டிவிட, அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவனை மறைத்ததால்தான் அது நின்றது என்று ரேணுகாதேவி ஒருநாளும் நினைக்கவில்லை. சரியாக மறைக்காததால் நின்றது என்று நினைத்தாள்.

"மூணே வாரந்தான் கண்ணு," என்றாள், வீட்டுக்கு வரும் வழியில். "அன்னூருப் பக்கம் நல்ல இல்லம் ஒண்ணு இருக்குதாமா. மணிக்கு மணி பாத்துக்குவாங்களாம். உனக்கு வேலை வந்த அன்னிக்கே போய்க் கூட்டிட்டு வந்தர்லாம்."

"அவன் இருந்தா என்னம்மா? இருக்கறதுதான?"

"இருக்கறதுதான். இருக்கறதையெல்லாம் வர்றவங்க முன்னாடி வெச்சா, யாரு கண்ணு வீட்டுக்குள்ள கால் வெப்பாங்க?"

மிருதுளா மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசவில்லை என்பதைத் தானே கவனித்துக்கொண்டு நடந்தாள்.

அன்னூருக்குப் போகும் பேருந்தில் நந்தகுமார் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் அறிவித்துக்கொண்டே வந்தான். இல்லத்தின் வாசலில் சங்கிலி போட்ட கதவு. உள்ளே சிமெண்ட் தரை நன்றாகக் கழுவியிருந்தது. பொறுப்பாளர் பெயர் மயில்சாமி. தணிந்த குரலில், எல்லோரிடமும் ஒரே மரியாதையாகப் பேசினார்.

"மிருது, எப்ப வருவ?" என்றான் நந்தகுமார்.

"மூணு வாரம்ணா."

"மூணு வாரம்!" என்று மயில்சாமியிடம் திரும்பி மகிழ்ச்சியாகச் சொன்னான். பிறகு உள்ளே போய், அங்கே இருந்தவர்களிடமும் சொன்னான். அம்மாவும் மிருதுளாவும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வரும்வரை அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

செவி சோப்புப் பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. மாட்ட வந்தவர் கூடத்துச் சுவரில் ஏணி போட்டு ஏறி, துளையிட்டு, தூசியைத் தானே துடைத்துவிட்டு இறங்கினார். "கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாமே இதுக்குக் கேக்குமுங்க. மொட்டை மாடிக்கும் படிக்கட்டுக்கும் எட்டாது," என்றார். உதவிக்காகச் சொன்னாரா எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. பெட்டியின் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. மூன்று வாரக் கேட்புக் காலம் தொடங்கிவிட்டது.

முதல் சில நாட்கள் இருவரும் நன்றாகவே வாழ்ந்தார்கள். காலையில் மிருதுளா, "காபி சூப்பரா இருக்குதும்மா," என்றாள். அம்மா சிரித்தாள். சாப்பிடும்போது டிவியை அணைத்தார்கள். முதல் சண்டையை வியாழக்கிழமைக்கு வைத்திருந்தார்கள்.

"எத்தன தடவை சொல்றது, ஃபேன ஆஃப் பண்ணாம எந்திரிச்சுப் போறியே?" என்றாள் அம்மா, ஜெபராஜ் சொல்லிக் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்தி.

"நீ மட்டும் மோட்டார ஆஃப் பண்றியாக்கும்? நேத்து தொட்டி வழிஞ்சு தெருவெல்லாம் தண்ணி."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? எப்பவும் ந..."

அம்மா நின்றுவிட்டாள். தொட்டி நிறைந்தால் மாடிப்படியிலிருந்து கத்துகிறவன் அன்னூரில் இருந்தான். பாதி உச்சரித்த எழுத்து கூடத்தில் தொங்கிக்கொண்டிருக்க, மிருதுளா ஒரு நொடியும் விடாமல் அதன்மேல் தன் வாக்கியத்தை வைத்தாள்.

"எப்பவும் நானேதான் பாக்கணுமா? சரி விடும்மா, தோசை ஊத்து, பசிக்குது."

அந்த வேகம் அவளுக்கே வியப்பாக இருந்தது. தனக்குள் இப்படி ஒரு திறமை இருப்பது இரண்டு வருடமாகத் தெரியாமல் போயிற்றே என்றுகூட நினைத்தாள்.

அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சு அடிக்கடி நின்றது. அரிசியைக் களையும்போது நின்றது. கதவைத் தாழிடப் போகும்போது, உள்ளே யாரையோ கூப்பிட வாயெடுத்து நின்றது. அந்த வீட்டில் இத்தனை வருடம் பேசப்பட்ட வாக்கியங்களில் பாதி அவனை நோக்கியே போயிருக்கின்றன என்பதை, போக வழியில்லாமல் அவை திரும்பி வந்தபோதுதான் மிருதுளா அறிந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் ஏதாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பினாள். நிரப்ப நிரப்ப அது எளிதாகிக்கொண்டு வந்தது. அவன் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சில நாட்கள் கழித்து, சொல்லாமல் இருப்பதற்கு முயற்சியும் தேவைப்படவில்லை.

இல்லத்துக்குப் பேச அம்மா மொட்டை மாடிக்குப் போவாள். ஒருநாள் துணி எடுக்கப் போன மிருதுளா, அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள்.

"சத்தம் போடறானாமா. மத்தவங்க தூங்க முடியலையாமா. டாக்டரு மாத்திரை குடுத்துருக்காராமா."

"எதுக்கு மாத்திரை?"

"சத்தத்துக்கு." அம்மா கொடியிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததை உதறிவிட்டு மறுபடியும் மடித்தாள். "ஒரே ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தர்றேன் சாமி. காலைல போயிட்டு மத்தியானம் வந்துருவேன்."

"போயிட்டு வந்து என்ன பண்ணுவ? அழுவ. வீட்டுல அழுதா அது கேக்கும். இன்னும் ஒரு வாரந்தாம்மா. இத்தன நாள் இருந்தது வீணாப் போயிரும்."

"நீ உங்கப்பன் மாதிரியே ஈரமில்லாமப் பேசற."

"அப்பா மாதிரிப் பேசுனாத்தான் வேலை கெடைக்குது, நான் என்ன பண்றது?"

அம்மா துணிகளை வாரிக்கொண்டு படியிறங்கினாள். வீட்டு வாசலில் ஒருகணம் நின்று, முகத்தைச் சரிசெய்துகொண்டு, உள்ளே காலெடுத்து வைக்கும்போதே, "இன்னிக்குத் துணியெல்லாம் ஜம்முனு காஞ்சிருச்சு கண்ணு!" என்றாள். பின்னால் வந்த மிருதுளா படியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் குரல் மிகவும் உண்மையாக இருந்தது.

கேட்புக் காலம் முடிந்ததும் அழைப்பு வந்தது. அவிநாசி சாலையில் இருந்த அலுவலகத்தின் ஒன்பதாவது மாடியில் அவளைச் சந்தித்தவர் சந்திரகலா என்ற பெண். ஐம்பது வயதிருக்கும். காட்டன் சேலை, நெற்றியில் சிறிய பொட்டு. தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். நீண்டகாலப் பராமரிப்புக்குக் காப்பீடு தரும் நிறுவனம் அது. படுக்கையில் கிடப்பவர்கள், நினைவு தவறியவர்கள், தாமாக வாழ முடியாதவர்கள், இவர்களுக்கான செலவை அதுதான் கொடுத்துக்கொண்டிருந்தது.

"உங்க வீட்ட நாங்க முழுசாக் கேட்டுட்டோம் மிருதுளா," என்றார். "ஒண்ணே ஒண்ணு சொல்லணும். உங்க வீட்டுல மூணாவதா ஒருத்தர் இருந்திருக்கார்."

மிருதுளா மடியிலிருந்த பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. நிறையப் பேரு இதைச் செய்யறாங்க. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு வீட்டை ஒதுங்கவைக்கற மாதிரி, செவி மாட்டறதுக்கு முன்னாடி ஒரு ஆள ஒதுக்கிருவாங்க. பேச்சை மட்டும் கேக்கறதுன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நாங்க பேச்சு நிக்கற இடத்தைக் கேக்கறோம். உங்க அம்மா ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை பாதியில நிக்கறாங்க. எல்லாம் ஒரே ஆளோட இடம். அந்த நிறுத்தத்தையெல்லாம் சேத்து வெச்சா ஒரு மனுஷனே வந்துருவான். ஆம்பிளை. சத்தமாப் பேசுவார். காலைல சீக்கிரம் எந்திரிப்பார். உங்க அம்மாவோட மகனா இருக்கணும்."

"அண்ணன்," என்றாள் மிருதுளா. மூன்று வாரத்தில் அந்தச் சொல்லை முதல்முறையாகச் சொன்னாள். "நான் கெளம்பட்டுங்களா மேடம்?"

"எதுக்கு? வேலை உங்களுக்குத்தான்."

வெளியே மேம்பாலத்தில் வண்டிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடி அவ்வளவு கனம். சந்திரகலா அவசரப்படாமல் பேசினார்.

"இப்படி ஆள ஒதுக்கின வீட்டுல ரெண்டாவது வாரத்துல யாராவது ஒருத்தர் உடைஞ்சிருவாங்க. பேரைச் சொல்லிருவாங்க. தூக்கத்துலயாவது சொல்லிருவாங்க. உங்க அம்மா எப்படியும் உடைஞ்சவங்கதான். ஆனா நீங்க ஒருமுறைகூட நிக்கல. அவங்க நின்ன இடத்துல எல்லாம் நீங்க ஏதோ ஒண்ணு சொல்லி மேல நடந்திருக்கீங்க. அதுவும் அன்பா. கோபமாச் சொல்றது சுலபம், யாரும் சொல்லிருவாங்க."

"என்ன வேலைங்க மேடம் இது?"

"செய்தி சொல்ற வேலை. ஒருத்தருக்கு இனிமே பராமரிப்புச் செலவு கிடையாதுன்னு முடிவாகும். யாருக்குன்னு இயந்திரம் முடிவு பண்ணிக்கும், அதுல உங்களுக்குப் பொறுப்பில்லை. அதை அந்தக் குடும்பத்துக்கிட்டச் சொல்லணும். இயந்திரமே சொன்னா ஜனங்க கோர்ட்டுக்குப் போறாங்க. மனுஷக் குரல் சொன்னா அழுதுட்டு ஒத்துக்கறாங்க. நடுவுல தடுமாறாத குரல் வேணும். தடுமாறினா அவங்களுக்கு நம்பிக்கை வந்துரும்."

மிருதுளா நெடுநேரம் பேசவில்லை. சந்திரகலா அந்த மௌனத்தைக் கலைக்கவில்லை. ஆனால் அதை எங்கோ குறித்துக்கொள்கிறார் என்று மிருதுளாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவளே அதை முடித்துவைத்தாள்.

"அண்ணன வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாங்களா?"

"உங்க வீடு, உங்க அண்ணன். தாராளமா. வேலையில இருக்கற வரைக்கும் செவி சுவர்லயே இருக்கும். வீடு இப்ப எப்படிக் கேக்குதோ அப்படியே கேக்கணும், அவ்வளவுதான். அந்த வீட்டுக்காகத்தான் உங்களை எடுக்கறோம்."

அன்றே போய்க் கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்தபடி, அம்மா சேலை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள். வேலை கிடைத்த செய்தியை மிருதுளா படிக்கட்டில் வைத்துச் சொன்னாள். வேலை என்ன என்பதைச் சொல்லவில்லை. செவி கழற்றப்படாது என்பதைச் சொன்னாள். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவன்?"

"போய்ப் பாப்பம்மா."

அன்னூர் இல்லத்தின் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பத்திருபது பேர் இருக்கும் கட்டடம் அது. மயில்சாமி அவர்களை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, நந்தகுமாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சவரம் செய்து, சட்டைப் பொத்தான்களை எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். அம்மா ஓடிப்போய் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"நந்து, அம்மாடா. பாரு, மிருது வந்துருக்கா."

அவன் பார்த்தான். அவர்களை அடையாளம் தெரிந்தது, அதில் சந்தேகமில்லை. உதடுகள் ஒருமுறை அசைந்து, வேண்டாமென்று நினைத்தவனைப் போல மூடிக்கொண்டன.

"இப்பெல்லாம் சத்தமே போடறதில்லைங்க," என்றார் மயில்சாமி, பெருமையை மறைக்காமல். "சாப்பாடு, தூக்கம் எல்லாமே சீரா இருக்குது. மாத்திரை சாயங்காலம் ஒண்ணு. அத நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல பழையபடி பேச ஆரம்பிச்சிருவாருங்க. நிறுத்தறதும் குடுக்கறதும் உங்க பிரியமுங்க."

மாத்திரை அட்டைகளை அவர் அம்மாவிடம்தான் நீட்டினார். அம்மா கை நீட்டவில்லை. மிருதுளா வாங்கிப் பையில் வைத்தாள்.

திரும்பும் பேருந்தில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். வழியில் ஒரு கல்யாண ஊர்வலம் மேளம் கொட்டிக்கொண்டு போனது. ஒரு லாரி கவிழ்ந்து கிடக்க, தார்ச்சாலை முழுவதும் தக்காளி சிதறியிருந்தது. பேருந்தே எழுந்து நின்று பார்த்தது. அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மிருதுளா தக்காளியைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழையும் முன்பே அம்மாவும் மிருதுளாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நந்தகுமார் கட்டிலில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். சுவரில் புதிதாக இருந்த பெட்டியையும் பச்சை விளக்கையும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பஸ்ஸுல நல்ல கூட்டம், இல்லம்மா?" என்றாள் மிருதுளா.

"ஆமா கண்ணு," என்றாள் அம்மா.

சாயங்காலம் மிருதுளா அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினாள். சத்தம் வராதபடி வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டு, மறுபடியும் கூப்பினாள். மிருதுளா அம்மாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். முதல் மாதம் மட்டும் கொடுக்கலாம். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும். தனக்குள் பேசிக்கொண்ட அந்தக் குரலும் எங்கும் தடுமாறவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

ஒரு டம்ளரில் தண்ணீரோடு அண்ணனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மாத்திரையை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். அவன் மெதுவாக அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அது அங்கே இருப்பதைப் பார்த்தான்.

பிறகு, அவள் எதுவும் கேட்காமலே, வாயைத் திறந்து காட்டினான்.